ரொசெட்டா போனால் மேக்கில் எந்த ஜாவா ஆப் நிற்கும்?

மேக்கில் ஜாவாவுக்கு 2010 அக்டோபரிலேயே சாவுமணி அடித்தாயிற்று. தன் சொந்த ஜாவாவை இனிப் பராமரிக்கப்போவதில்லை என்று ஆப்பிள் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த மேக் இயங்குதளப் பதிப்பான லயனில் அது கூடவே வரவில்லை. ஜாவா 7-லிருந்து ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் எடுத்துக்கொண்டது, ஆப்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இப்போதைய சிக்கல் ஜாவாவில் இல்லை, ஆப்புக்குள் கட்டிவைத்திருக்கும் பழைய இன்டெல் ரன்டைமில், அதாவது ஆப்பை ஓட்டும் ஜாவா எஞ்சினில்.

இன்டெல் சிப்புக்கு எழுதியதை ஆப்பிளின் சொந்த ஆர்ம் சிப்பில் ஓடவைக்கும் மொழிபெயர்ப்பிதான் ரொசெட்டா. அது முழுமையாகக் கிடைப்பது மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று 2025-இல் ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதன்பின் சில பழைய கேம்களுக்கு மட்டும். உங்கள் ஆப் எந்தப் பக்கம் என்று பார்க்க, அதைத் திறந்துவைத்து மேக்கோடு வரும் ஆக்டிவிட்டி மானிட்டரில் 'கைண்ட்' நெடுவரிசையைப் பாருங்கள். 'இன்டெல்' என்றிருந்தால் நாள் எண்ணப்படுகிறது. சிஸ்டத்தில் புது ஜாவா போட்டும் பயனில்லை. ரன்டைமை உள்ளேயே வைத்திருக்கும் ஆப் அதைத்தான் எடுக்கும்.

ஆப் எழுதியவர்களுக்கு: ஆப்பிள் சிப்பில் நேரடியாக ஓடும் வசதி ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 17-இல், 2021-இல், சேர்ந்தது. ஜாவா 8-ஐ விட முடியாதவர்களுக்கு அசூல் நிறுவனத்தின் ஜாவாவான சூலு 8-க்கு ஆர்ம் பில்டு இருக்கிறது. ஆனால் ரன்டைமை மட்டும் மாற்றினால் போதாது. ஜார்களுக்குள் (ஜாவா கோப்புகளைக் கட்டிய பொதிகள்) ஒளிந்திருக்கும் நேட்டிவ் லைப்ரரிகள்தான், அதாவது குறிப்பிட்ட சிப்புக்கே எழுதிய துண்டுகள்தான், காலை வாரும். உதாரணமாக, ஜாவாவிலிருந்து அத்தகைய லைப்ரரிகளை அழைக்க உதவும் ஜேஎன்ஏ 5.7-க்குக் கீழே இருந்தால் ஆர்ம் மேக்குக்கான கோப்பே அதில் கிடையாது. ஆப் அழகாகத் திறக்கும், மெனு வரும். நேட்டிவ் லைப்ரரி தேவைப்படும் வேலையை, சீரியல் போர்ட்டைத் தேர்ந்தெடுப்பது போன்றதை, செய்யும் நொடியில்தான் 'அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்' வந்து விழும். லைப்ரரி லோடு ஆவதே அப்போதுதான். ஆகவே திறந்து பார்த்ததோடு சோதனையை முடித்துவிடாதீர்கள்.

ஆப்பையும் ரன்டைமையும் சேர்த்துக் கட்டுவதற்கு ஜேபேக்கேஜ் என்ற கருவி, ஜேடிகே 16 முதல் முறைப்படி உண்டு. மேக் பேக்கேஜை மேக்கில்தான் கட்ட வேண்டும். எந்த ஜேடிகேயோ அந்த சிப்புக்கே ஆப் வரும். இன்டெல், ஆப்பிள் சிப் இரண்டுக்கும் வேண்டுமென்றால் இரண்டு டிஎம்ஜி (மேக் நிறுவல் கோப்பு).

அடுத்தது நோட்டரைசேஷன், அதாவது வெளியிடும் முன் ஆப்பை ஆப்பிளிடம் அனுப்பிச் சோதித்து ஒப்புதல் வாங்குவது. ஆப்பிள் ஜாரையும் பிரித்துப் பார்க்கும். உள்ளே டிஜிட்டல் கையெழுத்தில்லாத ஒரு டைலிப் (மேக்கின் நேட்டிவ் லைப்ரரி கோப்பு) இருந்தாலும் திருப்பிவிடும். அதை வெளியே எடுத்து, ஹார்டன்டு ரன்டைம் (மேக்கின் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு), டைம்ஸ்டாம்ப் இரண்டோடும் கையெழுத்திட்டு, மறுபடி ஜாரில் வைத்த பிறகே முழு ஆப்புக்கும் கையெழுத்திட வேண்டும். ஆப்புக்கான அனுமதிகளைப் பட்டியலிடும் என்டைட்டில்மென்ட் கோப்பை நீங்களே கொடுத்தால், ஓடும்போதே குறியீட்டை உருவாக்க விடும் ஜேஐடி அனுமதியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஜாவா எஞ்சினான ஜேவிஎம் தொடக்கத்திலேயே விழும்.

இலவச ஆப் எழுதும் தனிநபர்களை உண்மையில் தடுப்பது ஆண்டுக்கு 99 டாலர் டெவலப்பர் கட்டணம். கட்டாமல் வெளியிட்டால், மேக்ஓஎஸ் சிகோயா முதல், கன்ட்ரோல்-கிளிக் செய்து எச்சரிக்கையைத் தாண்டித் திறக்கும் குறுக்குவழியும் கிடையாது. பயனர் ஒருமுறை திறக்க முயன்றுவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யின் அடிவரை போய் 'ஓபன் எனிவே' அழுத்த வேண்டும். பதிவிறக்கப் பக்கத்திலேயே இதைப் படத்தோடு போட்டுவிடுங்கள்.