காசு இல்லாத கஜானா

வேலூருக்குன்னு ஒரு சொலவடை உண்டு, நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. கோயிலுக்கு 1981ல சாமி வந்துட்டாரு, பாலாத்துலயும் 2021 நவம்பர்ல கரை புரண்டு தண்ணி ஓடுச்சு. நாங்க கருவூலத்துல டீ குடிக்கறப்ப சேத்துகிட்ட அடுத்த ஐட்டம் மட்டும் இன்னும் மாறல, காசு இல்லாத கஜானா.

நெஜமாவே கருவூலத்துல காசு இருக்காதுங்க. ரெண்டு பூட்டு போட்ட டபுள் லாக் ரூம்ல முத்திரைத்தாளும் சீல் வெச்ச பெட்டிங்களும்தான் இருக்கும், பணம் எல்லாம் பேங்க் கணக்குல. பில்லு வந்தா கையெழுத்து சரியா, அந்தச் செலவுக்குன்னு பட்ஜெட்ல இருக்கற கணக்குத் தலைப்புல ஒதுக்கீடு இருக்கான்னு பாத்து பாஸ் பண்றது, இல்லன்னா அப்ஜெக்‌ஷன் போட்டு திருப்பறது, அவ்ளோதான் என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல அதைத்தான் செஞ்சேன்.

2018 மார்ச் கடைசி வாரம் மட்டும் மறக்கல. அதுக்கு முந்தின அக்டோபர்லதான் எங்களுக்கு ஊதியக்குழு சம்பளம் ஏறியிருந்துச்சு, ஆபீஸ்ல எல்லாருக்கும் கொஞ்சம் தெம்பு. மார்ச்னா எங்களுக்கு தூக்கம் கிடையாது, வருஷம் பூரா சும்மா கெடந்த பில்லெல்லாம் அந்த பத்து நாள்ல மூட்டை மூட்டையா வரும், முப்பத்தொண்ணு தாண்டினா ஒதுக்கீடு லேப்ஸ். அந்த கூட்டத்துல மஞ்சப்பையோட ஒரு பெரியவர் பெஞ்சுல உக்காந்திருந்தாரு, ஒரு அரசு விடுதிக்கு காய்கறி போடறவரு. மூணு மாச பில்லு, முப்பத்தெட்டாயிரம் சொச்சம். விடுதியில இருந்து பில்லு வந்துடுச்சு, தலைப்புல பணம்தான் இல்ல, கூடுதல் ஒதுக்கீடு கேட்டு எழுதின லெட்டருக்கு பதிலும் இல்ல. நான் திருப்பி அனுப்பிட்டேன்.

"இன்னா சார், உள்ள பணம் கீதா இல்லியா, அத மட்டும் சொல்லு சார்" ன்னாரு.

இருக்குன்னா பொய், இல்லன்னாலும் பொய். ஏன்னா அதே நாள் வேற ஒரு ஆபீஸ்ல இருந்து நாற்காலி, பீரோ வாங்கின பில்லு வந்துச்சு, ஒதுக்கின பணத்தை செலவு பண்ணலன்னா அடுத்த வருஷம் வெட்டிடுவாங்கன்னு அவசரமா வாங்கினது, விதிப்படி எல்லாம் கரெக்டா இருந்துச்சு, நான்தான் பாஸ் பண்ணேன். அந்தத் தலைப்புல இருந்து இந்தத் தலைப்புக்கு பணத்தை நகத்தற அதிகாரம் என்னோடது இல்ல, அதுக்கு நிதித்துறை வரைக்கும் போகணும். இத அவருக்கு எப்படி சொல்றது, "ஏப்ரல்ல புது பட்ஜெட் பணம் வரும் பெரியவரே" ன்னு சொல்லி அனுப்பினேன்.

போறப்ப ஒண்ணு சொன்னாரு, மண்டியில வாங்கின கடனுக்கு நூத்துக்கு மூணு வட்டியாம், மாசத்துக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்கு அதே நெனப்பு. கவர்மெண்ட்டு பத்திரம் வித்து கடன் வாங்கினா அப்போ வருஷத்துக்கு எட்டு சதவீதம் சுமாருக்கு வட்டி வந்துச்சு, அவசரத்துக்கு ரிசர்வ் பேங்க்ல கைமாத்து வாங்கினாலும் வட்டி கட்டணும். இவரு மாசம் மூணு வட்டிக்கு வாங்கி கவர்மெண்ட்டுக்கு வட்டியே இல்லாம குடுத்திருக்காரு. இந்தக் கடன் எந்த பட்ஜெட் புக்லயும் வராது.

2021 ஆகஸ்ட்ல மாநில நிதி நிலைமை பத்தி வெள்ளை அறிக்கை விட்டாங்களே, குடும்பத்துக்கு 2,63,976 ரூபா பொதுக்கடன்னு, அன்னைக்கு சத்துவாச்சாரி டீக்கடையில ஒரே ரகளை, "எங்க வூட்டு பேர்ல யாரைக் கேட்டு வாங்கினாங்க" ன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு. இலவசத்தாலதான்னு ஒரு கோஷ்டி, ஜிஎஸ்டி வந்ததுல இருந்து மாநிலம் கையேந்துதுன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டுலயும் கொஞ்சம் நெஜம் இருக்கு, ஆனா சம்பளம், பென்ஷன், வட்டி மூணையும் எந்த கவர்மெண்ட்டாலயும் நிறுத்த முடியாது, அது போக மீதியிலதான் மத்ததெல்லாம், அதனால பணம் முடையாகறப்ப மொதல்ல நிக்கறது ஜீப் டீசல், வெள்ளையடிப்பு, காய்கறி பில்லு. நிறுத்த முடியாத அந்த மூணுல சம்பளம், பென்ஷன் ரெண்டையும் வாங்கினவன் நான், அதனால ரொம்ப பேச வாய் வர்ல.

எங்க மேலயும் கை வெச்சாங்க, இல்லன்னு சொல்லல. கொரோனால அகவிலைப்படி உயர்வு நின்னுச்சு, ஈட்டிய விடுப்பை காசாக்கற சரண்டர் நின்னுச்சு, 2020ல ரிட்டயர் ஆக வேண்டிய என்னை 59ன்னாங்க, அப்புறம் 60ன்னாங்க. ரிட்டயர் ஆனா மொத்தமா குடுக்க வேண்டிய பணத்தை ரெண்டு வருஷம் தள்ளிட்டாங்க, எனக்கென்ன, சம்பளம் வந்துச்சு. என் சீட்டுக்கு காத்திருந்த பையன்தான் என்னைப் பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்குவான்.

பெரியவருக்கு ஜூன்லதான் பணம் போச்சு. அப்புறம் ஒருநாள் நேதாஜி மார்க்கெட்ல பாத்தேன், முள்ளு கத்தரிக்கா குவிச்சு வெச்சிருந்தாரு, ஒரு கிலோ வாங்கிட்டு ஐநூறு ரூபா நோட்டை நீட்டினா சில்லறை இல்லன்னாரு. நான் கத்தரிக்காயை திரும்ப வெக்கப் போனேன்.

"எடுத்துனு போ சார், அப்புறம் குடு. கவர்மெண்ட்டுக்கே கடன் குடுத்தவன் நானு."