வாத்தியார் விட்டுப்போன மஞ்சப்பை

தாத்தா இறந்து பன்னிரண்டாம் நாள்தான் அந்த மஞ்சப்பை கிடைத்தது. பரண்மேல் பித்தளை அண்டாவுக்குள் இருந்தது. பென்ஷன் புத்தகம், அப்பாயியும் அவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, வங்கிப் பாஸ்புக், ஆதார் நகல்கள். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் ஒரு சீட்டு. தலைப்பே 'நான் போன பிறகு'தான். முதல் வரி: 'பென்ஷன் பணத்தில் கை வைக்காதே. முதலில் கருவூலத்துக்குக் கடிதம் கொடு.'

அதற்குள் சித்தப்பா கை வைத்துவிட்டிருந்தார். தாத்தா தவறியது 24-ஆம் தேதி. மாதக் கடைசியில் முழு பென்ஷனும் கணக்கில் ஏற, கருமாதிச் செலவுக்கென்று ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டார். இறந்த நாள் வரைக்குமான தொகைதான் நமக்குச் சேரும். மிச்ச நாட்களுக்கு உண்டானதைத் திருப்பிக் கட்டினோம். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர் வீட்டில் இப்படி.

உண்மையிலேயே ஊருக்கெல்லாம்தான். ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக 1998-ல் ஓய்வு பெற்றார். அப்போது 58 வயதில் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் 26 வருஷம் திண்ணைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று யார் வந்தாலும் எழுதிக் கொடுப்பார். அதனாலேயே எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் ஒரு படிவம் நிரப்பத் தெரியாது. நான் விடுதியிலிருந்து எழுதிய கடிதங்களைக்கூடச் சந்திப்பிழை திருத்தித்தான் பதிலோடு அனுப்புவார். அவை எல்லாமும் அந்தப் பைக்குள் நூல் கட்டி இருந்தன.

சரி, வேலைக்கு வருகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அதை உடனே செய்திருந்தோம். சான்றிதழில் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போகிற இடமெல்லாம் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு போட்டோம். அது வர நாளாயிற்று. பென்ஷன் புத்தகத்தில் மனைவி பெயர் இருந்ததால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அது வரக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி என்று ஐம்பதாயிரம் ரூபாய் உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம். சீட்டில் தாத்தா அதையும் அடிக்கோடிட்டிருந்தார். இல்லையென்றால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அவர் வாங்கியது சம்பளத்தில் பாதிக் கணக்கு, அப்பாயிக்கு 30 சதவீதக் கணக்கு. வரவு குறையும் என்பதை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள்.

சிக்கல் வந்தது கையெழுத்தில்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது தாத்தா ராத்திரி வகுப்பு எடுத்தார். மற்ற பெண்கள் படிக்க வந்தார்கள், சைக்கிள்கூடக் கற்றுக்கொண்டார்கள். அப்பாயி மட்டும் போகவில்லை. "வாத்தியார் பொண்டாட்டி போய் 'அ' போட்டா ஊரு சிரிக்கும்." அதனால் தாத்தா வீட்டிலேயே, அடுப்படித் தரையில் கரியால் கையெழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒன்பது எழுத்துப் பெயர். முதல் மூன்று எழுத்து வந்ததும், "இது போதும், கைநாட்டு ஒழிஞ்சுது" என்று அப்பாயி நிறுத்திவிட்டாராம். வங்கியிலும் அந்த மூன்றெழுத்துதான். அதைப் பார்த்து எழுதியதால் அங்கே பெயரும் அப்படியே நின்றுவிட்டது. பென்ஷன் புத்தகத்திலோ முழுப் பெயர்.

இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்க இரண்டு வாரம் அலைந்தேன். கருவூலத்து அம்மா பொறுமையாகவே சொன்னார்: "இனிமே எல்லாம் முழுப் பெயர்லயே இருக்கட்டும் தம்பி. முடியலன்னா ரேகை வச்சிரலாம்." நான் சரியென்றேன். அப்பாயி முடியாது என்றுவிட்டார். அன்று ராத்திரி பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் மிச்ச ஆறெழுத்தையும் எழுதிக் காட்டினேன். தாத்தா மாதிரி எனக்குப் பொறுமை வராது. நாலாவது எழுத்திலேயே குரலை உயர்த்திவிட்டேன். அப்பாயி தலையைத் தூக்காமலே, "அவரு ஒருநாளும் திட்டுனதில்ல" என்றார்.

அந்தச் சார்கருவூலம் எனக்குப் பழகிய இடம். முன்பெல்லாம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் பென்ஷன்காரர்களுக்கு நேர்காணல். எனக்குப் பள்ளி விடுமுறை. "உசுரோட இருக்கேன்னு சொல்லிட்டு வருவோம், வாடா" என்று சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. திரும்பும்போது நன்னாரி சர்பத்.

இந்த முறை அப்பாயியை ஆட்டோவில் கூட்டிப்போனேன். படிவத்தை நீட்டியவர் மைப்பெட்டியையும் தள்ளிவைத்தார். அப்பாயி அதை ஓரமாக நகர்த்திவிட்டு என் பேனாவை வாங்கினார். பின்னால் வரிசை நின்றது. ஏழாவது எழுத்திலேயே கட்டம் முடிந்துவிட்டது. மீதி வெளியே போய் அச்செழுத்துமேல் ஏறியது. "போதும்மா, போதும்" என்றார் அந்த அம்மா. அப்பாயி காதில் வாங்கவில்லை. கடைசி எழுத்து 'ள்'. அதற்குப் புள்ளியும் வைத்துவிட்டுத்தான் பேனாவை மூடினார்.