கலிப்சோவுக்காகக் காத்திருந்த இரவுகள்

காற்றிலுள்ள தூசியை லேசரால் அளந்த செயற்கைக்கோள் கலிப்சோ. அதன் அளவைத் தரையிலிருந்து சரிபார்ப்பது எங்கள் வேலை. அது கடக்கும் நேரம் இரவு ஏறக்குறைய ஒன்றரை மணி. பதினோரு மணிக்கே லேசரை ஓடவிட்டு, அது நிலைப்படும்வரை வெளியே நின்று வானத்தைப் பார்ப்போம். பச்சைக் கதிர் நேராக மேலே ஏறும். அதன் குறுக்கே பறக்கும் பூச்சி ஒரு கணம் பொறிபோல மின்னி மறையும். தாழ்ந்த மேகம் ஒன்று வந்து நின்றாலும் அந்த இரவு வீண். செயற்கைக்கோள் மறுபடி அதே தடத்துக்கு வர 16 நாள் ஆகும்.

வந்தாலும் தலைக்கு நேராக வராது, பல கிலோமீட்டர் தள்ளித்தான் போகும். நொடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் வேகம். அது பன்னிரண்டு நொடியில் பார்த்த காற்றையும், நாங்கள் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் பார்த்த காற்றையும்தான் ஒப்பிட்டோம். இந்த வேலையில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்த விஷயம் இது.

கலிப்சோவின் லைடாருக்கு, அதாவது லேசர் ஒளியை அனுப்பி, சிதறித் திரும்புவதை அளக்கும் கருவிக்கு, ஒரு சிக்கல் இருந்தது. திரும்பி வரும் ஒளியில், துகள்கள் சிதறடித்தது எவ்வளவு, வழியில் மங்கியது எவ்வளவு என்று அதனால் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. அதனால் துகளின் வகையை ஊகித்து, அதற்கென ஒரு லைடார் விகிதத்தை (துகள்கள் மங்கவைக்கும் ஒளிக்கும் திருப்பிச் சிதறடிக்கும் ஒளிக்கும் உள்ள விகிதம்) வைத்துக் கணக்கிடும். தரையிலிருக்கும் ராமன் லைடாருக்கு அந்த ஊகம் தேவையில்லை. 532 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஒரு சிறு பங்கு நைட்ரஜனில் பட்டு, அலைநீளம் மாறி 607-இல் திரும்பும்; இதுதான் ராமன் சிதறல். காற்றில் நைட்ரஜன் எவ்வளவு என்பது தெரிந்ததுதான். ஆகவே அந்த ஒளி எவ்வளவு குறைந்து வருகிறதோ, அதிலிருந்தே துகள்கள் எவ்வளவு ஒளியை மறைத்தன என்று சொல்லிவிடலாம். என்ன, சிக்னல் மிகவும் மெலிது, பகல் வெளிச்சத்தில் மூழ்கிவிடும். அதனால்தான் இரவு வேலை.

ஒரு பருவம் முழுக்க, ஒரு கிலோமீட்டருக்குக் கீழே செயற்கைக்கோள் எங்களைவிட அதிகமான தூசைக் காட்டியது. தரையில் பட்டுத் திரும்பும் ஒளி கலந்திருக்கும், தவறு அங்கேதான் என்று உறுதியாக நம்பினோம். அப்புறம் ஒருநாள் டெலஸ்கோப்பின் வாயை அட்டையால் மூடி, ஒவ்வொரு தடவையும் கால் பாகத்தை மட்டும் திறந்து பார்த்தோம். எங்கள் லேசர் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஆகவே கிழக்குக் கால் பாகமும் மேற்குக் கால் பாகமும் ஒரே சிக்னலைத் தரவேண்டும். மேலே தந்தன, கீழே தரவில்லை. லேசர் டெலஸ்கோப்பின் அச்சிலிருந்து லேசாகச் சாய்ந்திருந்தது. அருகிலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி எங்கள் பார்வைக்குள் வரவே இல்லை. திருகைச் சரிசெய்து எடுத்த அடுத்த அளவீட்டில் இடைவெளி பெருமளவு குறைந்தது. அதற்குமுன் எடுத்த அத்தனை இரவுகளின் கீழ்ப்பகுதித் தரவையும் நாங்களே நீக்கினோம். மனம் கனத்தது. ஆனால் வேறு வழியில்லை.

பாலைவனத் தூசு வந்த நாட்களின் கதை வேறு. அந்தத் தூசின் லைடார் விகிதம் எங்கள் ராமன் அளவில் 50-ஐ ஒட்டி வந்தது. கலிப்சோ கணக்கு 40 என்று வைத்திருந்தது. இந்தத் தடவை அட்டைச் சோதனையை முதலில் முடித்த பிறகே எழுதி அனுப்பினோம். 2016-இல் வந்த கலிப்சோ தரவின் நான்காம் பதிப்பில் அந்த எண் 44 ஆனது.

2023 ஆகஸ்டில் கலிப்சோவின் பணி முடிந்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள், லைடார் விகிதத்தை மேலிருந்தே அளக்கிறது. அதையும் யாராவது கீழிருந்து சரிபார்க்கத்தானே வேண்டும்? இப்போது காத்திருப்பது இரவு இரண்டு மணிக்கு. அட்டைச் சோதனையை மாலையிலேயே முடித்துவிடுகிறோம்.