மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஓர் இறைச்சிச் சோஸ்

2025 ஜூலை 7, திங்கள் – சாய்ந்தமருது

மனைவிக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் பின்னேரக் கடமை. பகல் ஒரு மணிக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் முடியும். வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். ஆகவே இராச் சாப்பாடு என் பொறுப்பு. மஃரிப் தொழுதுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தால் இஷாவுக்குப் பாங்கு சொல்லுமுன் சமையல் முடிய வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஜூலை மாதத்தில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். பகலில் சோறு தின்ற மகள் இரவில் சோற்றைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறாள், அவளுக்குப் பாஸ்தா வேண்டும். கடையில் போத்தலில் விற்கும் சோஸின் இனிப்போ எனக்கு ஒத்துவராது. இறைச்சிச் சோஸை வீட்டிலேயே ஆக்குவதென்று தீர்மானித்து, ஆக்கும் விதத்தை என்னைப்போல் வேலை முடிந்து வந்து சமைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நாளுக்கு நாள் இங்கே எழுதுகிறேன்.

இன்று இறைச்சி வாங்கியதோடு சரி. கடைக்கார நானாவிடம் மாட்டின் தொடைப்பக்கத்தில் அரைக்கிலோ, அதோடு ஒரு துண்டுக் கொழுப்பும் கேட்டேன். "கொத்தித் தரவா?" என்றார், முழுத்துண்டாகவே தரச் சொன்னேன். இதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் இறைச்சியைக் கழுவாமல் சட்டியில் போடுவதில்லை. கொத்திய இறைச்சியைக் கழுவினால் அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். எவ்வளவு பிழிந்தாலும் நாளைக்குத் தாச்சியில் அது வறுபடாது, அவியும். முழுத்துண்டைக் கழுவி, வடிதட்டில் சாய்த்து வைத்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் ஈரம் மேற்பரப்போடு போய்விடும். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் அரைமணி நேரம் வைத்தெடுத்தேன். பாதி உறைந்த இறைச்சி கத்திக்கு வழுக்காது. முதலில் மெல்லிய தகடுகளாகவும், பிறகு ஈர்க்குகளாகவும், கடைசியில் பொடியாகவும் கொத்துவது எளிது. இயந்திரத்தில் அரைத்தது பசைபோல் ஒட்டிக்கொள்ளும்; கத்தியால் கொத்தியது மணிமணியாக நிற்கும். கொழுப்பையும் சேர்த்தே கொத்திக்கொண்டேன். இறைச்சி நான்கு பங்கென்றால் கொழுப்பு ஒரு பங்கு இருக்கலாம். இன்னும் குறைத்தால் சோஸ் வரண்டு போகும்.

2025 ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று இன்றைக்குக் கடுமையாக வீசியது. குசினி யன்னலைச் சாத்தாவிட்டால் காஸ் அடுப்பின் சுவாலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாச்சியின் பாதி சூடாகாமலே கிடக்கும். யன்னலைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டும். சாத்திவிட்டுத்தான் சமைத்தேன், ஏனென்றால் இந்தச் சமையலுக்கு முதல் பதினைந்து நிமிடத்துச் சூடுதான் எல்லாம்.

தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, அது நன்றாகக் காய்ந்ததும் இறைச்சியில் பாதியைப் பரப்பினேன். போட்டவுடன் 'சுர்' என்று ஓர் இரைச்சல் எழும். ஒரு நிமிடத்துக்குள் அது அடங்கிவிடும். இறைச்சி தன் நீரை விட்டு, சாம்பல் நிறமாகி, சளசளவென்று கொதிக்கத் தொடங்கும். பலபேர் இந்த இடத்தில் வெந்துவிட்டது என்று நினைத்துத் தக்காளியைக் கொட்டிவிடுகிறார்கள். கை வைக்காமல் பொறுத்திருந்தால், நீர் வற்றுவதைக் காதாலேயே அறியலாம். சளசளப்பு மெலிந்து, சிறிது நேரம் ஓசையே இல்லாததுபோல் இருந்து, பிறகு படபடவென்று பொரியும் ஒலியாக மாறும். அப்போது அடியில் எஞ்சியிருப்பது கொழுப்பும் எண்ணெயும் மட்டுமே. அதன்பிறகு மூன்று நான்கு நிமிடம் கிளறாமல் விட்டு, அகப்பையால் ஒரு ஓரத்தைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுவா நிறத்துக்கு வந்திருக்கும். அதை எடுத்து வைத்துவிட்டு மீதிப் பாதியையும் இதேபோல் வறுத்தேன். முழுவதையும் ஒரே தடவையில் போட்டால் விட்ட நீரிலேயே எல்லாம் மிதக்கும், நேரமும் இரட்டிப்பாகும்.

நீர் இருக்கும்வரை பாத்திரத்துக்குள் வெப்பம் 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி பழுப்பேறுவதற்கோ ஏறக்குறைய 140 பாகை வேண்டும். சூட்டில் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நிறமும் மணமுமாக மாறுவதைப் பிரெஞ்சுக்காரரான லூயி கமில் மையார் 1912இல் விளக்கினார். நம்முடைய ஆணத்தில், அதாவது குழம்புக் கறியில், இறைச்சியைப் பழுப்பாக்காமல் விட்டாலும் குறை தெரிவதில்லை, ஏனென்றால் கொத்தமல்லியும் சீரகமும் வறுத்து இடித்த தூளுக்குள்ளேயே அந்த வறுத்த மணம் அடங்கியிருக்கிறது. மீதியைத் தேங்காய்ப்பால் பார்த்துக்கொள்கிறது. தூளும் பாலும் இல்லாத இந்தச் சோஸில் அந்த மணத்தை இறைச்சியிடமிருந்தே வாங்கியாக வேண்டும். அதை வாங்காமல் விட்டவர்கள்தான் பிறகு சப்பென்று இருக்கிறதென்று சொல்லிக் கறித்தூளைத் தூவுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்தது வெங்காயம். இரண்டு பெரிய வெங்காயத்தையும் ஒரு கரட்டையும் ஒரு பிடி செலரித் தண்டையும் பொடியாக அரிந்து, அதே தாச்சியில், அடுப்பைக் குறைத்து, சிறிது உப்போடு பத்து நிமிடம் வதக்கினேன். அடியில் ஒட்டியிருந்த பழுப்புப் படலம் வெங்காயத்தின் ஈரத்தில் இளகி வெங்காயத்திலேயே ஏறிக்கொள்ளும். அதைத் தேய்த்துக் கழுவிவிடுபவர் சோஸின் பாதியைத் தொட்டியில் ஊற்றுகிறார். நான்கு பல்லு உள்ளியைத் தட்டிப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளிப் பசையை எண்ணெயில் கருஞ்சிவப்பாகும்வரை பிரட்டினேன். பச்சை வாடை போவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தக்காளி நான்கைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கரட் துருவியில் தேய்த்தால் சதை முழுவதும் கோப்பைக்குள் விழுந்து, தோல் மட்டும் உள்ளங்கையில் தங்கிவிடும். அவித்துத் தோலுரிக்கும் வேலை மிச்சம். அதையும் வறுத்த இறைச்சியையும் ஒரு கோப்பைச் சுடுதண்ணீரையும் ஒரு தேக்கரண்டி தென்னை வினாகிரியையும் சேர்த்து, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, மெல்லிய சூட்டில் அரைமணி நேரம் விட்டேன். அந்த இடைவெளியில் மகளின் கணக்குக் கொப்பியைப் பார்த்து முடித்தேன். கடைசியில் மிளகுத்தூள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றால் பதம் சரி.

உம்மா கரண்டியால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன மகன், ஆணத்துக்குத் தூளே போடல்லயா?" என்றார். ஆனாலும் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

2025 ஜூலை 9, புதன்

நாளைக்கு எசல போயா, பௌத்தர்களின் முழுநிலா நாள். போயா தினங்களில் இறைச்சி விற்பனைக்குத் தடை என்பதால் இன்று பின்னேரம் கடையில் நல்ல சனம். ஒரு கிலோ வாங்கி, கழுவி, துடைத்து, வெட்டி வைத்தேன். இரவுக்கு ரொட்டியும் சம்பலும்.

2025 ஜூலை 10, வியாழன், போயா விடுமுறை

அவசரம் இல்லாத நாள் என்பதால் சோஸை அதன் பிறந்த ஊரின் முறைப்படி நீண்ட நேரம் ஆக்கிப் பார்த்தேன். இத்தாலியின் பொலோனியா நகரத்து வர்த்தகச் சபையில் 1982 ஒக்டோபர் 17 அன்று இத்தாலியச் சமையல் அகடமி இந்தச் சோஸின் செய்முறையை முறைப்படி பதிவுசெய்தது. 2023இல் அதைப் புதுப்பித்தார்கள். 1982ஆம் ஆண்டுப் பதிவில் 300 கிராம் மாட்டிறைச்சிக்குத் தக்காளிக் கூழ் வெறும் 5 மேசைக்கரண்டி. வெங்காயம், கரட், செலரி ஒவ்வொன்றும் 50 கிராம். உள்ளி கிடையாது. தக்காளிக் குழம்பில் இறைச்சி மிதக்கும் பண்டமென்று நாம் நினைத்திருப்பது, உண்மையில் தக்காளி தொட்டுக்கொண்ட இறைச்சிப் பண்டம் என்பது அந்த அளவுகளைப் பார்த்தாலே விளங்கும். செவ்வாய்க்கிழமை போட்டதில் பாதியளவு தக்காளியைத்தான் இன்று சேர்த்தேன். உள்ளியை மட்டும் விட மனம் வரவில்லை. உள்ளி இல்லாத இறைச்சியை இந்த வீட்டில் யாரும் இறைச்சியாகக் கணக்கெடுக்க மாட்டார்கள்.

அந்தப் பதிவில் பன்றிக் கொழுப்பும் வைனும் உண்டு. நமக்கு இரண்டும் ஆகாதவை. கொழுப்பின் வேலையை மாட்டுக் கொழுப்பே செய்துவிடுகிறது. வைன் தருவது புளிப்பும், அடியில் பிடித்ததைக் கரைக்கும் ஈரமும். தண்ணீரில் கலந்த வினாகிரி இரண்டையும் ஓரளவுக்குத் தரும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அவர்கள் சேர்க்கும் இன்னொன்றை, அதாவது பாலை, நாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு கிலோவுக்கு ஒரு கோப்பை பசும்பாலை, அடுப்பை நன்றாகக் குறைத்தபின், சிறிது சிறிதாக ஊற்றினேன். முதலில் திரிந்ததுபோல் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவை கரைந்து, தக்காளியின் புளிப்பு அடங்கி, நிறம் செங்கல் நிறமாக மாறும்.

இரண்டு மணி நேரச் சோஸ் அரைமணி நேரச் சோஸைவிட மென்மையானது என்பதை மறுக்க முடியாது. அதற்காக வேலைநாளில் இரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்பேனா என்றால் மாட்டேன். காஸ் விற்கும் விலைக்கு அது கட்டுப்படியாகாது, மணத்தின் பெரும்பகுதி வறுக்கும் கட்டத்திலேயே வந்துவிடுகிறது.

பொலோனியாவில் இதை ஸ்பகெட்டியோடு உண்பதில்லை. டாலியடெல்லே என்னும் முட்டை சேர்த்த அகலமான நாடாப் பாஸ்தாவோடு உண்பார்கள். ஸ்பகெட்டியில் இறைச்சி மணிகள் ஒட்டாமல் வழுக்கிக் கோப்பையின் அடியில் தங்கிவிடும் என்பதை எங்கள் மேசையிலேயே காணலாம். கல்முனைக் கடைகளில் நாடாப் பாஸ்தா எப்போதும் கிடைப்பதில்லை. குழல் வடிவம் கிடைக்கிறது. இறைச்சி குழலுக்குள் புகுந்துகொள்வதால் அதுவே எனக்குப் போதும். மகளும் கரண்டியாலேயே சாப்பிட்டுவிடுவாள்.

பாஸ்தா அவிப்பதில் உம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு. நூடில்ஸை அவித்துப் பச்சைத் தண்ணீரில் அலசுவது அவர் பழக்கம். பாஸ்தாவை அலசினால் மேலேயுள்ள மாப்பசை போய்விடும், சோஸ் பிடிக்காது. 400 கிராமுக்கு நான்கு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டு மேசைக்கரண்டி உப்பிட்டு, பக்கெற்றில் சொல்லியிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கி, நேரே சோஸ் தாச்சிக்குள் போட்டேன். அவித்த தண்ணீரில் அரைக்கோப்பையை ஊற்றிப் பெரிய தீயில் ஒரு நிமிடம் பிரட்டினால், அதிலுள்ள மா கொழுப்பையும் நீரையும் சேர்த்துக் கட்டிவிடும். சோறு பரிமாறி மேலே ஆணம் ஊற்றுவதுபோல் பாஸ்தாவின்மேல் சோஸை ஊற்றிவைத்தால் இந்தப் பிடிப்பு வராது.

2025 ஜூலை 12, சனி

வியாழன் ஆக்கியதில் பாதி மிஞ்சியது. இங்கேயுள்ள வெக்கையில் சட்டியோடு மூடி மேசையில் வைத்தால் இறைச்சி விரைவில் கெட்டுவிடும். அகலமான தட்டத்தில் மெல்லியதாகப் பரப்பி, அந்தத் தட்டத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கீழ்த்தட்டில் மூன்று நாளைக்குத் தாங்கும். ஒரு நேரத்துக்குப் போதுமான அளவில் பைகளில் தட்டையாக உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் கிடக்கும். தட்டையாக உறைந்தது தாச்சியில் பத்து நிமிடத்தில் உருகிவிடும். பரிமாறுமுன் குமிழி விட்டுக் கொதிக்கவேண்டும்.

ராத்தா அக்கரைப்பற்றிலிருந்து தொலைபேசியில் பேசும்போது, இத்தனை பாடு எதற்கு, குக்கரில் போட்டு விசில் வைத்தால் ஆயிற்றே என்றார். துண்டு இறைச்சிக்கு அவர் சொல்வது சரி. பொடியாகக் கொத்தியது மெதுவாவதற்குக் குக்கர் தேவையில்லை; அதற்குத் தேவை நீர் வற்றுவது, குக்கர் நீரை வெளியே விடாது. கறிவேப்பிலையும் ரம்பையும் போடலாமா என்றும் கேட்டார். இரண்டும் சேர்ந்தால் இறைச்சியின் மணம் பின்னுக்குப் போய் அது முழுக்க ஆணமாகிவிடும். உறைப்பு வேண்டுவோர் வெங்காயம் வதக்கும் எண்ணெயில் இரண்டு செத்தல் மிளகாயைக் கிள்ளிப்போடலாம். ஒரு துண்டுக் கறுவாவும் தவறில்லை, கிரேக்கர்கள் பாஸ்தாவுக்கான இறைச்சிச் சோஸில் கறுவா சேர்ப்பதுண்டு.

மிஞ்சியதை உம்மா இன்று காலை இடியப்பத்துக்கு எடுத்துக்கொண்டார். இடியப்பத்துக்குச் சோஸ் இறுக்கமாக இருந்தால் தொண்டையில் அடைக்கும் என்பதால் அரைக்கோப்பைப் பாலும் கொஞ்சம் சுடுதண்ணீரும் விட்டு இளக்கிச் சூடாக்கிக் கொடுத்தேன். ரொட்டிக்கென்றால் நேர்மாறாக, மூடி போடாமல் இன்னும் வற்றவைத்து, உள்ளே வைத்து மடிக்கும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த கிழமையும் மனைவிக்குப் பின்னேரக் கடமைதான். கோழியின் தொடைச் சதையில் இதையே செய்யச் சொல்லியிருக்கிறார். கோழி மாட்டிறைச்சியைவிட அதிகம் நீர் விடும் என்பதால் அதை மூன்று தடவையாகப் பிரித்து வறுக்க நினைத்திருக்கிறேன்.