மாடியே இல்லாத வரி ரசீது

2024 அக்டோபரில் ஆரம்பித்த அலைச்சல் 2025 ஏப்ரலில்தான் முடிந்தது. பெங்களூருவில் பழைய சொந்த வீட்டை வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் சொத்து வரி கட்டிவிட்டோம், நமக்கென்ன பயம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு தடவை அந்த ரசீதை எடுத்து முழுசாகப் பாருங்கள்.

முதலில் கடன் கதை. 2021 இரண்டாவது அலையில் என் கணவருக்கு நாலு மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. அத்தைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வேறு. எல்லாம் கிரெடிட் கார்டில் ஏறியது. அதன் பிறகு மாதாமாதம் 'மினிமம் டியூ', அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் தவறாமல் கட்டிவந்தோம், ஒரு மாதம்கூடத் தாமதம் இல்லை. 2024இல் ஒருநாள் உட்கார்ந்து ஸ்டேட்மென்டைக் கணக்குப் போட்டபோதுதான் வயிறு கலங்கியது. பாக்கி 1,90,000. வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், அதாவது 6,650 ரூபாய், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாங்கள் கட்டிய 9,500 ரூபாயில் அசலில் கழிந்தது வெறும் 1,653. மாடியில் குடியிருப்பவர்கள் தரும் வாடகையும் அதே 9,500தான். மாடி வாடகை முழுக்க மூன்று வருஷமாக அந்தக் கார்டுக்கே போயிருக்கிறது. போதாக்குறைக்கு, பழைய பாக்கி நிற்கும்போது கார்டில் புதிதாக மளிகை வாங்கினாலும் அதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதுவும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சரி, வீட்டின் பேரில் கடன் வாங்கி கார்டை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று ஒரு கூட்டுறவு வங்கிக்குப் போனோம். வருஷத்துக்கு 11.5 சதவீதம் என்றார்கள். பத்திரம், ஈ.சி. (வில்லங்கச் சான்று), வரி ரசீது, அப்புறம் இ-காத்தா (மாநகராட்சிப் பதிவேட்டில் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் டிஜிட்டல் சான்று) கேட்டார்கள். ஈ.சி.க்கு, அரசின் பத்திரப் பதிவுத் தளமான காவேரியில் விண்ணப்பித்து மூன்று நாளில் வந்துவிட்டது.

வீட்டைப் பார்க்க வங்கி அனுப்பிய இன்ஜினியர் டேப் பிடித்து கீழே 480 சதுர அடி, மேலே 450 சதுர அடி என்று எழுதிக்கொண்டார். பிறகு வரி ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தவர், அதைத் திருப்பி என் பக்கம் நீட்டி, "மேடம், இதுல மாடியே இல்லையே?" என்றார்.

உண்மைதான். மாடி கட்டியது 2011இல். மாமா இருந்தவரை ஏப்ரல் முதல் வாரத்திலேயே போய் வரி கட்டிவிடுவார், 5 சதவீதத் தள்ளுபடியை ஒருபோதும் விட்டதில்லை. ஆனால் அவர் கட்டியதெல்லாம் படிவம் 4இல். படிவம் 4 என்றால் 'போன வருஷத்திலிருந்து சொத்தில் மாற்றம் எதுவும் இல்லை' என்று அர்த்தம். மாடி ஏறிய வருஷமே படிவம் 5இல் போட்டிருக்க வேண்டும். அவருக்குப் பிறகு ஆன்லைனில் கட்டிய நாங்களும் அதையே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினோம். இங்கே வரி நாமே கணக்குப் போட்டு அறிவிக்கும் முறை என்பதால், தப்பு முழுக்க நம் தலையில்தான் விழும். வாடகைக்கு விட்ட பகுதிக்குப் போடும் வீதம் நாம் குடியிருக்கும் பகுதிக்கு உள்ளதைப் போல இரண்டு மடங்கு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வரி ஆபீசுக்கு ஐந்து நடை நடந்தேன். முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் சம்பந்தப்பட்டவர் சர்வேக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் அரை நாள் சம்பளத்தை இழந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், பதினொன்றரைக்கு வந்தவர் என் காகிதங்களைப் புரட்டக்கூட இல்லை, மின்சார பில் நகல் எங்கே என்றார். முன்னால் யாருமே அதைக் கேட்கவில்லை. வெளியே வந்தால் ஒரு புரோக்கர். பதினைந்தாயிரம் கொடுங்கள், வரித் திருத்தம், இ-காத்தா எல்லாம் பத்து நாளில் வீட்டுக்கு வரும் என்றார். களைப்பில் எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அத்தைதான் "ஏம்மா, அந்தக் காசுக்கு நாம வரியையே கட்டிடலாமே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தயவுசெய்து யாரும் அவர்களிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நான்காவது நடையில் கணக்கு வந்தது. ஐந்து வருஷ வித்தியாசம், அபராதம், வட்டி எல்லாம் சேர்ந்து 38,000க்கு மேல். அப்போது ஒரே முறைத் தீர்வுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது, 2024 நவம்பர் 30 கடைசி நாள், அதற்குள் கட்டினால் வட்டி தள்ளுபடி. இதை கவுன்ட்டரில் யாரும் சொல்லவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. கேட்ட பிறகு மறுபடி கணக்குப் போட்டார்கள், 26,000 சொச்சத்துக்கு வந்தது. அந்தப் பணத்தையும் கார்டில் தேய்த்துவிடலாம் என்று கணவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் இரண்டு வளையலை அடகு வைத்து நவம்பர் 28ஆம் தேதி கட்டினேன். ரசீதில் 'முதல் தளம், 450' என்று அச்சாகியிருந்ததை பஸ்ஸில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இ-காத்தாவில் நம் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருந்தது: இனிஷியல். 1998 பத்திரத்தில் அத்தையின் பெயருக்கு முன்னால் அவர் அப்பாவின் முதல் எழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் மாமாவின் முழுப் பெயர். ஆதாரோடு ஒப்பிடும்போது கணினி இரண்டும் ஒரே ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை. இ-காத்தாவின் வரைவு கன்னடத்தில் இருக்கும், எனக்குப் பேச வரும், படிக்க வராது. அத்தை அந்தக் காலத்துக் கன்னடப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், அவர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்து, ஊர்ப்பெயரிலும் ஒரு எழுத்து தப்பு என்று கண்டுபிடித்தார். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் அபிடவிட் போட்டு, அரசு சேவை மையமான பெங்களூரு ஒன்னில் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். ஜனவரி கடைசியில் கையில் கிடைத்தது. தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் விண்ணப்பிக்கும் முன்னாலேயே பத்திரத்தையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த அபிடவிட்டை முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஒரு மாதம் மிச்சம்.

கடன் பிப்ரவரியில் வந்தது. கார்டை முடிக்கும்போது இன்னொரு பள்ளம். ஸ்டேட்மென்டில் இருந்த தொகையை முழுசாகக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம், அடுத்த மாதம் 2,340 ரூபாய்க்கு இன்னொரு பில். ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து நாங்கள் பணம் கட்டிய நாள்வரை ஓடிய வட்டி. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் தாமதக் கட்டணம் ஏறி, சிபில் என்னும் கடன் வரலாற்றுப் பதிவில் கறையாக நின்றிருக்கும். ஆகவே கட்டும் நாளன்றே போன் செய்து, இன்றைக்கு முழுசாக முடிக்க எவ்வளவு என்று கேளுங்கள். கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் வேறு சலுகை தருகிறேன், கார்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தடவை இழுத்தடித்தார். இந்த விதியைச் சொல்லி மெயில் அனுப்பினேன், நாலாம் நாள் மூடிவிட்டார்கள்.

2025 ஏப்ரலில் அந்த வருஷ வரி. மாடியும் சேர்ந்து கூடியிருந்தது, அதோடு குப்பைக் கட்டணம் என்று எங்கள் அளவு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் 600 புதிதாகச் சேர்ந்திருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் இந்தத் தடவை பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன்னால் அத்தையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து கீழ்த்தளம் 480, மேல்தளம் 450, வாடகைக்கு விட்டது எது, பெயரின் முதல் எழுத்து என்ன என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது, ஆகஸ்டில் மீட்டுவிடுவேன்.