பெங்குவின் வாசல்

"ஏப்பா, எதுக்கு எல்லாரும் பூட்ஸைக் கழுவுறாக?"

கானாடுகாத்தான் வீட்டு வளவில் இன்று ஆயா கேட்டது. அண்டார்டிகா போய்வந்த அண்ணன் போனில் படம் காட்டிக்கொண்டிருந்தான்.

அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உசுவாயாவில் கப்பலேறி, வழியிலுள்ள டிரேக் கடலில் இரண்டு நாள் வாந்தி. ஆனால் கப்பலுக்குள் மசாஜ்கூட உண்டாம். கட்டணத்தை ஆயாவிடம் சொல்லவில்லை. நல்லவேளை.

வெளியூர் விதையோ கிருமியோ அங்கே போய்விடக் கூடாதாம். அதனால் கரையிறங்குமுன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி எடுக்கிறார்கள். ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. பெங்குவினிடம் 5 மீட்டர் தள்ளித்தான்.

"அதுக வீடுல்ல" என்றார் ஆயா.

அவர் மாமனார் கப்பலேறியது ரங்கூனுக்கு, கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க. அங்கிருந்து வந்த தேக்குத் தூணில் சாய்ந்தபடிதான் அண்ணன் பனிமலை காட்டுகிறான்.

ஆயா படத்தைத் தள்ளவே விடவில்லை. பெங்குவினின் சேற்றுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.