கருகிய சாக்கெட்டும் கார் சார்ஜரும்

எலக்ட்ரிக் கார் வந்த முதல் இரண்டு வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. வண்டியோடு கொடுத்த சார்ஜரைப் போர்டிகோ சுவரில் ஏற்கெனவே இருந்த 16 ஆம்ப் சாக்கெட்டில் சொருகிவிட்டுத் தூங்கப் போவேன், காலையில் சார்ஜ் ஏறியிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் பிளக்கைப் பிடுங்கப் போனால் கை சுட்டது. சாக்கெட்டில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிப் போயிருந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றினார். நியூட்ரல் ஸ்க்ரூவில் டிரைவரை வைத்துத் திருப்பினால் ஒரு முழுச் சுற்று தாராளமாகச் சுற்றுகிறது. ஒயர் நுனியில் இன்சுலேஷன் கருகி, தொட்டதும் உதிர்ந்தது. கரண்ட் அளவு மீறினால் தானாக அணைய வேண்டிய சுவிட்ச்தானே எம்சிபி, "அது ஏங்க ட்ரிப் ஆகலை?" என்று கேட்டேன். "போற கரண்ட் சரியாத்தானே சார் போகுது, ஸ்க்ரூ சுடுறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இதே சாக்கெட்டில் பல வருடமாக வாக்குவம் கிளீனர், டிரில்லிங் மெஷின் எல்லாம் ஓட்டியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. ஆகாது, ஏனென்றால் அவையெல்லாம் பத்து நிமிட வேலை. வாட்டர் ஹீட்டர்கூட தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும். கார் அப்படியில்லை, ராத்திரி முழுக்க ஒரே பிடியாக இழுக்கும், வீட்டு ஒயரிங்கில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வந்து நிற்கும்.

சரி, தனி லைன் இழுத்துவிடலாம் என்று முடிவானது. 32 ஆம்ப், 7.4 கிலோவாட் சார்ஜர்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் சிரிப்பு வந்தது. ஒருநாளைக்கு நான் ஓட்டுவது 40 கிலோமீட்டர், அதற்கு ஏழெட்டு யூனிட். 3 கிலோவாட்டில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் லைனை மட்டும் 32 ஆம்ப் தாங்குகிற மாதிரி போட்டுக்கொண்டு, சார்ஜரை 16 ஆம்பில் வைத்து ஓட்டுகிறேன். கரண்ட் பாதியானால் ஒயரில் உண்டாகும் சூடு கால்வாசிதான். ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் மெயினும் தாங்கும்.

ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். 6 ஸ்கொயர் எம்எம் போதும் என்றார் எலக்ட்ரீஷியன், தூரம் கொஞ்சம் அதிகம் என்பதால் நான் 10 போடச் சொன்னேன். செலவு ஒயரில் இல்லை, சுவரை உடைத்துப் பூசுவதில்தான் இருக்கிறது. உடைத்தது உடைத்தாயிற்று, கூடவே ஒரு காலி பைப்பும் புதைத்தாயிற்று. நாளைக்கு இரண்டாவது காரோ சோலாரோ வந்தால் இன்னொரு தடவை தூசி குடிக்க வேண்டாம். பூசுவதற்கு முன்னால் டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன், பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது உதவும்.

கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் ஆர்சிசிபி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டைப் ஏசி என்று எழுதியிருக்கும் பழைய ரகத்தைக் கார் லைனுக்குப் போடக் கூடாது. காரிலிருந்து டிசி, அதாவது பேட்டரியில் இருப்பதுபோல ஒரே திசையில் ஓடும் கரண்ட், கசிந்தால் அது குருடாகிவிடும், ஆள்மேல் ஷாக் அடித்தாலும் ட்ரிப் ஆகாமல் போகலாம். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்ப் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருந்தால் டைப் ஏ போதும், இல்லையென்றால் விலை கூடுதலான டைப் பி தான். எர்த்தையும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், எர்த் குழி இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஆள் வந்ததுதான் வந்தார் என்று மற்ற பவர் சாக்கெட்டுகளையும் திறக்கச் சொன்னேன். ஒன்பதில் மூன்று லூஸ். வாட்டர் ஹீட்டர் சாக்கெட்டின் உள்பக்கமும் லேசாகக் கருகியிருந்தது, அதை மாற்ற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.